படகில் இருந்தவன்

என் கணவன் கடலில் இறக்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு நான் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. மாலை போட்டு வைத்திருந்த படத்தில் அவன் கடலில் முங்கப் போட்டுக்கொள்ளும் கறுப்பு ரப்பர் உடையோடு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு சிரித்தான். வேறு நல்ல படம் கிடைக்கவில்லை. மற்றதெல்லாம் அலுவலக அடையாள அட்டைக்கு எடுத்தது மாதிரி இருந்தது. படத்தைப் பார்த்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரிலா என்று கேட்டார்கள். இல்லை, நுரையீரல் என்றேன். அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் அவன் அம்மா, என் அத்தை, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை அதற்குப் பதில் ஆமாம் என்பதுதான்.

எழுதத் தொடங்கியபோது 'அவர்' என்றுதான் எழுதினேன். யாரோ மேலதிகாரியைப் பற்றி எழுதுவது போலிருந்தது, அடித்துவிட்டேன். அத்தை முன்னால் அவனை 'நீங்க' என்பேன். காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் 'நீ' ஆகிவிடுவான். இங்கேயும் கதவைச் சாத்திவிட்டதாக வைத்துக்கொள்கிறேன்.

அவன் ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவன். நான் கரூர்ப் பக்கம். இருவருக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே மென்பொருள் அலுவலகத்தில் வேலை. கல்யாணமானதும் திருமுல்லைவாயிலில், ரயில் அறிவிப்பு அடுப்படி வரை கேட்கிற தூரத்தில் ஒரு ஃபிளாட் வாங்கினோம். மாமா போன பிறகு அத்தையும் எங்களோடு வந்துவிட்டார். எங்கள் இரண்டு குடும்பத்திலும் நீச்சல் தெரிந்தவர் ஒருவர்கூடக் கிடையாது. கடல் என்றால் காணும் பொங்கலுக்கு மெரினாவில் கால் நனைத்துவிட்டு வருவது.

அலுவலகத்தில் ஒருமுறை எல்லோரையும் புதுச்சேரிக்குக் கூட்டிப்போனார்கள். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டி, பயிற்சியாளர் ஒருவர் பிடித்துக்கொள்ள, கொஞ்ச நேரம் கடலுக்கு அடியில் போய்விட்டு வரலாம் என்று அங்கே ஒரு ஏற்பாடு. மேலே வந்தவர்கள் எல்லாம் கூச்சல் போட்டார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். அவன் மட்டும் பேசவே இல்லை. திரும்பும்போது பஸ் திண்டிவனம் தாண்டிய பிறகு, தான் இதைக் கற்றுக்கொள்ளப் போவதாகவும் நானும் கூட வர வேண்டும் என்றும் சொன்னான். எனக்கு நீச்சலே தெரியாதே என்றேன். தனக்கும் தெரியாது என்றான்.

அம்பத்தூரில் ஒரு நீச்சல் குளத்தில் சேர்ந்தோம். நான் விளிம்பை விடுவதற்கே ஒரு கோடைகாலம் போயிற்று. அதற்குள் அவன் ஆழமான பக்கத்தில் அடிவரை போய், தரையில் உட்கார்ந்து, அண்ணாந்து என்னைப் பார்த்துக் கையாட்டப் பழகிவிட்டான். பிறகு முறையாகப் பயிற்சி முடித்துச் சனி, ஞாயிறுகளில் கடலுக்குப் போக ஆரம்பித்தோம். விடியும் முன்பே கிளம்பி, பைபாஸைப் பிடித்து, நகரத்தைச் சுற்றிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போவோம். அத்தையிடம் சினேகிதர் வீட்டு விசேஷம் என்று சொல்லிவிட்டுப் போன நாட்களும் உண்டு. எங்கள் தலைமுடியில் உப்பு பூத்திருப்பதைப் பார்த்து அவரே கண்டுபிடித்துவிட்டார்.

சென்னைக் கடலுக்கு அடியில் படங்களில் பார்க்கிற நீலமெல்லாம் கிடையாது. ஒரு குப்பத்திலிருந்து வாடகைக்கு எடுத்த ஃபைபர் படகு, எங்கள் பயிற்சியாளர், எங்களைப் போல இரண்டு மூன்று பேர். கரை மெல்லிய கோடாகத் தேய்கிற இடத்தில், கடலடியில் நீளமாக ஒரு பாறைத் தொடர் இருக்கிறது. பச்சைத் தண்ணீர். நல்ல நாளில் ஒரு பஸ் நீளத்துக்குக் கண் தெரியும், மோசமான நாளில் நீட்டிய கையே தெரியாது. நீரோட்டம் பலமான இடம் என்பதால் அங்கே நங்கூரம் போட்டுவிட்டு இறங்குவதில்லை. ஓட்டம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே நாங்களும் மிதந்து போவோம். ரயில் ஜன்னலில் வீடுகள் போவதுபோலப் பாறை எங்களைக் கடந்து போகும். மேலே படகு எங்கள் மூச்சுக் குமிழிகளைப் பார்த்தபடி பின்னாலேயே வரும். காற்று குறைந்ததும், ஓர் ஆள் உயர ஆரஞ்சு ரப்பர் குழலை ஊதி மேலே அனுப்புவோம். படகோட்டி அதைப் பார்த்துவிட்டு வந்து எங்களை ஏற்றிக்கொள்வார். அவர் பார்க்க வேண்டும், அது ஒன்றுதான் முக்கியம்.

அந்தப் படகோட்டி என்னைவிட மூத்தவர். ஆனாலும் என்னை அக்கா என்பார், அவனை அண்ணன் என்பார். வடக்கேயிருந்து தெற்கே இழுக்கிற நீரோட்டத்துக்கு வண்ணி என்றும், தெற்கேயிருந்து வடக்கே தள்ளுவதற்குத் தெண்டி என்றும் அவர்கள் குப்பத்தில் பெயர். இடம் வந்ததும் கையைத் தண்ணீரில் விட்டுப் பார்த்து இரண்டில் ஒன்றைச் சொல்வார். அதை வைத்துத்தான் பாறையின் எந்த முனையில் இறங்குவது என்று முடிவாகும்.

முதல் முறை அந்த ஓட்டத்தில் இறங்கியபோது, பாறையில் எதையோ பார்த்துவிட்டு அதைத் தாண்டி வந்துவிட்டேன். திரும்பிப் போகலாம் என்று காலை உதைத்தேன். உதைக்க உதைக்க நின்ற இடத்திலேயே நின்றேன், மூச்சு மட்டும் ஏறியது. அவன் பக்கவாட்டில் வந்து என் முழங்கையைப் பிடித்தான். தலையை ஆட்டினான். பிறகு என்னை அப்படியே பாறையின் பின்பக்கத்துக்கு, ஓட்டத்துக்குக் குறுக்காகத் தள்ளிக்கொண்டு போனான். அங்கே தண்ணீர் அசையாமல் இருந்தது. அந்த மறைவில் இருவரும் பாறையைப் பிடித்துக்கொண்டு என் மூச்சு அடங்கும்வரை இருந்தோம். அவன் கண்ணாடிக்குள் கண்கள் சிரித்தது தெரிந்தது. எங்கள் கல்யாண வாழ்க்கையில் அதைவிட நெருக்கமாக இருந்த நேரம் ஒன்றைச் சொல்லச் சொன்னால் எனக்குச் சொல்லத் தெரியாது.

பிறகு இருமல் வந்தது. வறட்டு இருமல், சளி கிடையாது. தூசி என்று நினைத்தோம். எங்கள் பக்கம் தூசிக்கா குறைச்சல். திருமுல்லைவாயில் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் பாதி ஏறியதும் ஒருநாள் நின்றுவிட்டான். ஃபோன் பார்ப்பதுபோல் நின்றான். மறுநாளும் அதே இடத்தில் நின்றான். மூன்றாவது மருத்துவர்தான் ஸ்கேன் எடுத்துப் பார்த்துச் சொன்னார். நுரையீரலில் தழும்பு ஏறிக்கொண்டே போகிறது, அது விறைத்துப்போய்க்கொண்டிருக்கிறது, எதனால் என்று சொல்ல முடியவில்லை. கடலில் முங்கியதாலா என்று நான் கேட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் இனிமேல் முங்கவே கூடாது என்றார். எவ்வளவு காலம் இருப்பேன் என்று அவன் கேட்கவில்லை. முங்காமல், மேலேயே மிதந்துகொண்டு தலையை மட்டும் தண்ணீருக்குள் விட்டுப் பார்க்கலாமா என்று கேட்டான். மருத்துவர் என்னைப் பார்த்தார்.

அன்றைக்குக் காரில் உட்கார்ந்து வெகுநேரம் வண்டியை எடுக்காமல் இருந்தான். நான் அழுதேன். அவன் என் முதுகைத் தடவிக்கொண்டே கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

அத்தைக்கு விஷயத்தைச் சொன்னபோது, மருத்துவர் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. உப்புத் தண்ணீர் உள்ளே போய் அறுத்துவிட்டது என்றார். மற்ற வீடுகளில் சனிக்கிழமை கோயிலுக்குப் போகிறார்கள், இவள் என் பிள்ளையைக் கடலுக்குக் கூட்டிப்போனாள் என்று போனில் தன் தங்கையிடம் சொன்னது எனக்குக் கேட்டது. கூட்டிப்போனது அவன்தான் என்று நான் சொல்லவில்லை. அவரும் யாரையாவது பிடித்துத் திட்ட வேண்டியிருந்தது.

கடல் அடங்கியிருக்கிற சில மாதங்கள்தான் முங்குவதற்குப் பருவம். அந்தப் பருவம் முழுக்க நான் கடலுக்குப் போகவில்லை. அடுத்த பருவத்தில் என்னைக் கேட்காமலே பயிற்சியாளரிடம் என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தான். நீ போ, நான் படகில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குக் கடல்காற்று நல்லது என்றான். சண்டை போட்டேன். அவன் சண்டைக்கே வரவில்லை. கடைசியில் போனேன். படகின் முன்பக்கம் ஒரு பலகையில், குடையும் ஃபிளாஸ்க்கில் டீயுமாக உட்கார்ந்துகொள்வான். கீழே நான் பார்ப்பதை எல்லாம் மேலே வந்து வரிசையாக அவனுக்குச் சொல்ல வேண்டும். தலை தண்ணீருக்கு வெளியே வந்ததும் நான் முதலில் அவனைத்தான் தேடுவேன். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் வட்டமாக வளைத்துக் காட்டுவான். நலமா என்று அர்த்தம். நானும் அதேபோல் வளைத்துக் காட்டினால்தான் கையை இறக்குவான்.

அப்படிப் போன நாட்களில் ஒன்றுதான் நான் சொல்ல வந்தது. காலையிலேயே மேகமூட்டம். படகோட்டி கையை விட்டுப் பார்த்து வண்ணி என்றார். அதாவது தெற்கே போகும். நானும் பயிற்சியாளரும் இன்னொரு பெண்ணும் வடக்கு முனையில் இறங்கினோம். முதல் பாதி அவர் சொன்னபடியே போயிற்று. பிறகு ஓட்டம் தளர்ந்தது. பாறையோரம் நிற்கிற மீன்கள் எப்போதும் ஓட்டத்துக்கு எதிரே முகம் வைத்துத்தான் நிற்கும். அவை ஒவ்வொன்றாகத் திரும்பின. எல்லாம் தெற்கே பார்த்து நின்றன. நான் பயிற்சியாளரைப் பார்த்தேன், அவர் ஏற்கெனவே ஆரஞ்சுக் குழலை எடுத்துக்கொண்டிருந்தார். ஒருவர் கையை ஒருவர் கோத்துக்கொண்டோம். அதற்குள் தண்ணீர் எங்களை வந்த வழியே, வந்ததைவிட வேகமாகத் தூக்கிக்கொண்டு போனது.

மேலே வந்தபோது தூறல். அலை எழும்பியிருந்தது. படகு தெற்கே வெகுதூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. அது எங்களைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. பயிற்சியாளர் விசிலை ஊதினார். காற்று அதை எங்கள் பின்பக்கமாகவே அடித்துக்கொண்டு போனது. எதிர்த்து நீந்த வேண்டாம், தெம்பை வைத்துக்கொள்ளுங்கள், குழலை நிமிர்த்திப் பிடியுங்கள் என்றார். அந்தப் பெண் தன் அம்மாவை நினைத்து மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு அலை ஏறும்போதும் நான் படகைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அது சிறுத்திருந்தது. எனக்குச் சாவுபயம் வரவில்லை. அத்தையிடம் அவன் தனியாகத் திரும்பிப் போய் நிற்பதை நினைத்துத்தான் பயந்தேன்.

ஒரு அலை மேல் ஏறியபோது படகின் முகம் தெரிந்தது. அது எங்களைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

படகில் நடந்ததைப் படகோட்டிதான் பிறகு சொன்னார். தூறலில் குமிழிகள் கண்ணுக்குத் தப்பிவிட்டன. நாங்கள் தெற்கே முன்னால் போயிருப்போம் என்று அவர் அந்தப் பக்கமே தேடிக்கொண்டு போயிருக்கிறார். வழியில் நண்டு வலைக்கு அடையாளமாக விட்ட ஒரு கொடி மிதந்துகொண்டிருந்தது. காலையில் வரும்போது அதன் கயிறு தெற்கே இழுபட்டுக் கிடந்ததை அவன் பார்த்திருந்தான். இப்போது வடக்கே இழுபட்டுக் கிடந்தது. அவன் அதைக் காட்டியதும் படகோட்டி கையைத் தண்ணீரில் விட்டார். உடனே படகைத் திருப்பிவிட்டார்.

"தெண்டி அடிச்சிக்கினு கீதுக்கா. அண்ணன் மட்டும் பாக்கலன்னா நான் இன்னும் அந்தாண்டதான் பூட்டிருப்பேன்," என்றார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அவன் முன்பக்கம் எழுந்து நின்று என்னைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டே வந்திருக்கிறான். நாங்கள் கேட்கிற தூரத்தில் இல்லை என்று படகோட்டி சொல்லியும் நிறுத்தவில்லை. நாங்கள் கண்ணில் பட்ட பிறகும் கத்தியிருக்கிறான். நான் ஏணியில் ஏறியபோது அவன் பலகையில் சரிந்து உட்கார்ந்திருந்தான். உதடு நாவல்பழம் தின்றவன் உதடு மாதிரி இருந்தது. கைகளைத் தலைக்கு மேல் வளைக்கப் பார்த்தான், தோளுக்கு மேல் ஏறவில்லை. முங்குகிறவர்களுக்கு ஏதாவது ஆனால் கொடுப்பதற்கென்று படகில் எப்போதும் ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கும். அதை அவன் முகத்தில் வைத்தோம். குப்பம் வரும்வரை அவன் என் மணிக்கட்டை விடவில்லை.

வீட்டுக்கு நான்தான் காரை ஓட்டினேன். பூந்தமல்லி தாண்டும்வரை கண்ணை மூடிக்கொண்டு வந்தான். பிறகு, துண்டு துண்டாக, மூச்சு விட்டு விட்டுச் சொன்னான்:

"நீ மட்டும் திரும்பி வரலன்னா, நான் இந்த வியாதிய வெச்சிக்கிட்டு யாருகிட்டப் போய் உக்காருவேன்?"

அதற்குப் பிறகு அவன் கடலைப் பார்க்கவில்லை. அந்த மாதமே வீட்டுக்கு ஆக்சிஜன் எந்திரம் வந்தது. அன்றைக்குக் கத்தியதால் ஆனதல்ல இது, எப்படியும் வந்திருக்கும் என்று மருத்துவர் என்னிடம் இரண்டு முறை சொன்னார். நான் கேட்காமலே சொன்னார். மூக்கில் குழாயோடு பால்கனியில் உட்கார்ந்திருப்பான். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சியை ஆற்றிக் கொடுப்பார். என்னோடு தேவைக்கு மட்டும் பேசுவார். மழைக்காலத்தில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோது, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் ஏரிப்பக்கம் போன தண்ணீர் மத்தியானம் திரும்பி வருகிறது பார் என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். சிரித்தான். சிரித்ததும் இருமல் வந்தது.

தண்ணீர் வடிவதற்கு முன்பே அவனை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. டிராக்டரில் ஏற்றி மெயின்ரோடு வரை கொண்டுபோய், அங்கிருந்து ஆம்புலன்ஸில் போனோம். ஒரு மத்தியானம், நானும் அத்தையும் இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருக்கும்போது போய்விட்டான். கடைசியில் பேச்சு இல்லை. முகமூடிக்குள் கண் மட்டும் இங்கேயும் அங்கேயும் போய்க்கொண்டிருந்தது.

ஒரு வருஷம் அவன் ரப்பர் உடை அலமாரியில் தொங்கியது. பயிற்சியாளர் சில முறை கூப்பிட்டார், வேண்டாம் என்றேன். அடுத்த வருஷம் பருவம் தொடங்கியபோது நானே கூப்பிட்டுப் பெயர் கொடுத்தேன். ஏன் என்று சரியாகத் தெரியவில்லை. வீட்டில் எங்கே திரும்பினாலும் அவன் நோயாளியாகவே இருந்தான். நோயில்லாத அவனைக் கடைசியாகப் பார்த்தது கடலுக்கு அடியில்தான்.

அன்றைக்குத் தெண்டி. சீரான ஓட்டம், தெளிந்த தண்ணீர். முன்பின் தெரியாத ஒரு பெண்ணை எனக்குத் துணையாக விட்டார்கள். அவள் அடிக்கடி திரும்பி நான் இருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டாள். பாறை எப்போதும்போல் கடந்து போயிற்று. அழுதுவிடுவேன் என்று பயந்திருந்தேன், அழுகை வரவில்லை. மனசு வெறுமையாக இருந்தது. அவன் என்னை ஒதுக்கி நிறுத்திய அந்த மறைவையும் தாண்டித்தான் போயிருப்பேன், அது எந்த இடம் என்று அடையாளம் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நேரம் முடிந்து மேலே வந்தோம்.

படகு பக்கத்திலேயே இருந்தது. ஒரு குறையும் இல்லை. படகோட்டி எங்களைப் பார்த்துவிட்டு எஞ்சினைத் தணித்தார். நான் வழக்கம்போல் படகின் முன்பக்கம் பார்த்தேன். பலகை மேல் யாருடையவோ பைகளையும் ஒரு சாப்பாட்டுக் கூடையையும் வைத்திருந்தார்கள். கையை வளைத்துக் காட்டத் தூக்கிவிட்டேன். தூக்கிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஏணியைப் பிடித்தேன், ஏற முடியவில்லை. கண்ணாடிக்குள் தண்ணீர் நிறைந்தது, கடல்தண்ணீர் இல்லை. மேலே இருந்தவர்கள் எனக்கு உடம்புக்கு என்னமோ என்று குனிந்து கேட்டார்கள். படகோட்டி அவர்களை நகரச் சொல்லிவிட்டு, எஞ்சினை முழுவதும் நிறுத்திவிட்டார்.

"நிதானமா ஏறுக்கா. ஒண்ணும் அவசரம் இல்ல," என்றார். பிறகு வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அலை என்னையும் ஏணியையும் தூக்கித் தூக்கிப் போட்டது. அவன் இறந்த பிறகு அன்றைக்குத்தான் நான் வாய்விட்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்து குளியலறையில் வாளித் தண்ணீரில் உடையை அலசிக்கொண்டிருந்தேன். அத்தை வாசலில் வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"படகுல யாரு இருந்தாங்க?" என்று கேட்டார்.

"படகோட்டிதான், அத்தை."

"அவன மாதிரி பாத்துக்குவாரா?"

அத்தை அங்கேயே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். நான் ஈரக்கையோடு அவர் தோளைப் பிடித்தேன், அவர் விலக்கவில்லை. குழாய் திறந்தபடியே இருந்தது, இருவரும் அதை மூடவில்லை.

இப்போதும் வருஷத்துக்கு ஓரிரு முறை போகிறேன். கிளம்பும்போது அத்தை ஒன்றும் சொல்வதில்லை, கேட்பதும் இல்லை. அந்த நாட்களில் நான் திரும்பி வரும்வரை அவர் சாப்பிடுவதில்லை என்று கீழ்வீட்டுப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.